வீட்டைச் சுற்றி ஒரு சிற்றேரி

(மறைமலை நகரில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊதாரியாக வாழ்பவனைக் குறித்து, "பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான்" என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். தண்ணீர் மலிந்து கிடந்த ஒரு காலத்தில்தான் இப்பேச்சு பிறந்திருக்க வேண்டும். இன்றோ இந்தச் சுற்று வட்டாரத்தில், குடிநீர்க் கேனை விலை கொடுத்து வாங்காத வீடு அரிதாகி வருகிறது. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தவனைக் கண்டித்த நாம், இனித் தண்ணீரைப் பணமாக எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். அக்கணக்கை ஊர்ப் பொதுவில் பார்ப்பதற்கு முன்னால் அவரவர் வீட்டு வாசலில் எவ்வாறு பார்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஏரிகளின் நாடு

நாம் கூடியிருக்கும் இந்நகரம், தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் திருப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையின் நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுப்பப்பட்ட புதுநகர் இது. இங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரகடத்துக்கும், அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூருக்கும் செல்லும் சாலையில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் அந்தச் சுற்றுச்சுவர்களுக்கு இடையே ஏரிக்கரைகளும் தெரிகின்றன. பழைய செங்கற்பட்டு ஜில்லாவை 'ஏரி மாவட்டம்' என்று அழைத்தது வெறும் புகழ்ச்சி அன்று.

நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி நாட்களில் மணலாறு. நமக்கு வரும் தண்ணீரெல்லாம் மழைதான். ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லி மீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. இது குறைவான மழை அன்று. ஆனால் இதில் பாதிக்கும் மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சில நாள் வரவை ஆண்டு முழுவதும் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமக்கு இயற்கை இட்ட கட்டளை. நம் முன்னோர் அதைப் புரிந்துகொண்டு ஏரிகளை வெட்டினார்கள். மேல் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகச் செல்லும். அது நிறைந்தால் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஒரு துளியும் வீணாகாமல் ஊருக்கு ஊர் கைமாற்றி அனுப்பிய ஏற்பாடு அது.

நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஏரி, பஞ்சாயத்து, கணக்கு ஆகிய மூன்றும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒன்றாக இருந்தன என்பதை மனத்தில் கொள்வோமாக. இந்தப் பேச்சு முடியும் இடத்தில் இக்கணக்குக்கு மறுபடியும் வருவோம்.

இரண்டு ஆண்டுகள் கற்பித்த பாடம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும், பல சிற்றேரிகள் நிரம்பி வழிந்த நீரும் அடையாற்றில் சேர்ந்து பெருக்கெடுத்தன. முடிச்சூர் போன்ற இடங்களில் மக்கள் படகில் ஏறி வெளியேற நேர்ந்தது.

நான்கு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. சென்னைக்கு நீர் தரும் மற்ற ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை எப்படி வெளியேற்றுவது என்று தவித்த மக்கள், நான்காம் ஆண்டில் தண்ணீரை ரயிலில் வரவழைத்துக் குடித்தார்கள்!

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? மழையின்மை ஒரு துன்பம். பெய்த மழையைத் தங்க வைக்க இடமின்மை அதனினும் பெரிய துன்பம். ஏரி காப்பதும் கால்வாய் காப்பதும் ஊர்ப் பொதுவின் கடமை. ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொரு கூரையும் ஒரு நீர்பிடிப்புதான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக் குழியின் கதை

பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுவது முறையாகும். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. இந்திய மாநிலங்களுள் இதனை முதலில் செய்தது தமிழ்நாடே. அப்பொழுது எங்கள் வீட்டிலும் ஒரு குழி வெட்டினோம். குழாய் இறக்கினோம், மூடி போட்டோம், அதிகாரிகள் பார்த்துவிட்டுச் சென்றார்கள். அத்துடன் எங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 2019 கோடையில் எங்கள் ஆழ்குழாய்க் கிணறு காற்றைத்தான் கக்கியது. அன்றுதான் அக்குழியின் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே கூழாங்கல் தெரியவில்லை. சேறும், சருகும், அறுந்த செருப்பும், சிமெண்டுக் கட்டிகளும் வாய்வரை நிறைந்திருந்தன. அதைவிட வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இடையில் மாடிக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய குழாயை மறுபடியும் இணைக்கவே இல்லை. மொட்டை மாடித் தண்ணீர் அத்தனை ஆண்டும் நேரே தெருச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. சட்டத்துக்காக வெட்டிய குழி, எங்களுக்காக ஒரு சொம்புத் தண்ணீரையும் காக்கவில்லை.

இவ்வாறு மூடிக்குள் உறங்கும் குழிகள் இந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ இருக்கும். ஆகையால், புதிய குழி வெட்டச் சொல்வதற்கு முன், இருக்கும் குழியைத் திறந்து பாருங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். இது ஆவணி மாதம். அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவது போல, மழை வருமுன் குழி தூர் வாருவோம்.

வீடே ஓர் ஏரி

விவசாயப் பெருமக்களுக்கு ஏரியின் உறுப்புகளை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நீர்பிடிப்பு, வரத்துக்கால், ஏரி, மதகு, கலங்கல், ஆயக்கட்டு என்பவை நீங்கள் நன்கு அறிந்தவை. வீட்டிலும் இவ்வளவும் உண்டு. மொட்டை மாடி அல்லது ஓட்டுக் கூரையே நீர்பிடிப்பு. கூரையிலிருந்து இறங்கும் குழாயே வரத்துக்கால். தொட்டியே ஏரி. தொட்டியின் அடிக்குழாயே மதகு. தொட்டி நிறைந்தபின் வழியும் குழாயே கலங்கல். அக்கலங்கல் நீர் சென்று சேரும் உறிஞ்சு குழியே கீழ் ஏரி. வீட்டுத் தோட்டமே ஆயக்கட்டு. ஏரியைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு வீட்டைப் பராமரிப்பது பெரிய காரியம் அன்று.

இனி வரவுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 46 சதுர மீட்டர். ஆண்டு மழை 1,200 மில்லி மீட்டர் என்றால் அக்கூரையில் விழுவது சுமார் 55,000 லிட்டர். சிதறியும், உறிஞ்சப்பட்டும், ஆவியாகியும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 44,000 லிட்டர் மிஞ்சும். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் 2,900 குடத்துக்கு மேல் ஆகிறது. சிறிய வீடு ஒன்றின் தலைமேல் ஆண்டுதோறும் இவ்வளவு தண்ணீர் வந்து இறங்குகிறது!

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் போதும். பத்து சென்டி மீட்டர் மழை பெய்யும் ஒரே நாளில், மேற்சொன்ன கூரையிலிருந்து 3,000 லிட்டர்த் தொட்டி நிறைந்துவிடும். மார்கழியில் நிறைந்து நிற்கும் அத்தொட்டி 100 நாட்களுக்கு, அதாவது பங்குனி வரை சமையலுக்கு ஈடு கொடுக்கும். கோடை முழுவதையும் கடக்க வேண்டுமாயின் 6,000 லிட்டர் வேண்டும். இதனைச் செய்ய வசதி உள்ளவர்கள் செய்யட்டும். வசதி இல்லாதவர்கள் ஒரு பீப்பாயிலேனும் தொடங்கட்டும். வெள்ளை வேட்டியை நான்கு கழிகளில் கட்டி, நடுவில் அண்டாவை வைத்து மழைநீர் பிடிப்பதற்குப் பொறியாளர் எவரும் தேவை இல்லை.

தொட்டி அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல் மழைக்கு முன் மாடியைக் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் அழுக்கு நீரை வெளியே விடுவதற்கு ஒரு தனித் திறப்பு வேண்டும். தொட்டிக்குள் செல்லுமுன் நீர் கூழாங்கல், மணல், கரி ஆகிய அடுக்குகளின் வழியே வடிகட்டப்பட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் படலாகாது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். குடிப்பதற்கு முன் காய்ச்சிக்கொள்வது நலம்.

தொட்டி நிறைந்த பிறகு வழியும் நீரை நிலத்துக்குள் அனுப்புவோம். இங்கே மண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டும். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் நிலத்தின் கீழ் கடினமான பாறை இருக்கிறது. அப்பாறையின் மேற்புறத்தில் சிதைந்து நொறுங்கிய அடுக்கே நமக்கு நீர் காக்கும் பெட்டகம். நம் திறந்த கிணறுகள் அதில்தான் ஊறுகின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ களியும் களிப்பாறையும் மிகுதி. களிமண்ணில் வெட்டிய சிறு குழி, நீரை உறிஞ்சாமல் குட்டையாக நிற்கும். ஆகவே, முதலில் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். அது வடிந்தபின் மறுபடியும் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் அந்த இடம் தகுதியானது. மறுநாள் காலை வரை நின்றால், இளகிய அடுக்கு வரும் வரை குழியின் நடுவே துளையிட்டுக் கூழாங்கல் நிரப்ப வேண்டும். பயன்படாத திறந்த கிணறு உள்ளவர்கள் பாக்கியசாலிகள். வடிகட்டிய கூரை நீரை அதில் விடுவதைக் காட்டிலும் எளிய வழி வேறில்லை. ஆனால் அக்கிணற்றைக் குப்பைத் தொட்டியாக்கி விடாமல் இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

வரவைப் பார்த்தோம். செலவைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் நீர் என்று அளவு வகுத்தார்கள். நால்வருக்கு 220 லிட்டர், அதாவது சுமார் பதினைந்து குடம். இந்தப் பதினைந்து குடமும் எங்கே போகிறது?

குழாயிலிருந்து வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆகவே நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல், அதாவது நூறு குடம் ஒழுகிப் போகிறது. குழாயினுள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் தேய்ந்ததே இதற்குக் காரணம். ஒரு தேநீரின் விலையில் அதனை மாற்றிவிடலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பதை நாம் சேமிப்புக்கு மட்டுமே சொல்லி வருகிறோம். அது விரயத்துக்கும் பொருந்தும்.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வரும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பல் துலக்கினால் 18 லிட்டர் போகிறது. சொம்பில் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் காரியம் முடியும். பழைய கழிப்பறைத் தொட்டிகள் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டுகின்றன. ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி அத்தொட்டிக்குள் வைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். குடிநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீரைத் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதனை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் உபயோகிக்கலாம். அதில் உப்பு மிகுதியாக இருப்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நல்லதன்று.

தாய்மார்களுக்கு இவற்றைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. குடத்தை இடுப்பில் சுமந்தவர்களுக்கே அதன் எடை தெரியும். பெரும்பாலும் ஊதாரித்தனம் செய்பவர்கள் சுமக்காதவர்களே. வீட்டிலுள்ள ஆண்மக்களும் பிள்ளைகளும் ஒரு வாரம் தண்ணீர் எடுத்து வரட்டும். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டியிராது.

ஒரு முறை பயன்பட்ட நீர்

நம் பாட்டிமார்கள் அரிசி கழுவிய நீரைக் கொட்டியதில்லை. அது கழுநீர்ப் பானைக்குச் சென்றது. அங்கிருந்து மாட்டுக்குச் சென்றது. குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் சென்றது. இதனைப் பழைய காலத்து வழக்கம் என்று நாம் கைவிட்டோம். ஆனால் பெரிய தொழிற்சாலைகள் இன்று இந்த வழக்கத்துக்குத்தான் திரும்பிக்கொண்டிருக்கின்றன. சென்னை நகரக் கழிவு நீரைச் சுத்திகரிப்பதற்காகக் கோயம்பேட்டில் 2019-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் அமைந்தது. நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுடைய அந்நிலையத்திலிருந்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாய் வழியே நீர் அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. நகரத்தார் குளித்த நீர் கார் செய்வதற்குப் பயன்படுமானால், நாம் குளித்த நீர் வாழை வளர்ப்பதற்குப் பயன்படாதா?

தோட்டத்துக்குப் போக மிஞ்சுவதை உறிஞ்சு குழியில் விடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள குழி வெட்டி, அடியில் பெரிய கற்களும், நடுவில் உடைந்த செங்கல்லும், மேலே சிறு ஜல்லியும் நிரப்ப வேண்டும். வாயில், அடியில் துளையிட்ட மண்பானை ஒன்றை வைத்துத் தேங்காய் நாரை நிரப்பினால், எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் அதிலேயே தங்கிவிடும். நாரை வாரந்தோறும் மாற்ற வேண்டும். இக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடியேனும் தள்ளி இருக்க வேண்டும். மழைநீருக்கு ஒரு குழி, கழிவு நீருக்கு ஒரு குழி. இரண்டையும் ஒன்றாக்குவது கிணற்றில் நாமே அழுக்கைக் கலப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டுத் தோட்டத்தில் செடியின் வேரைச் சுற்றிச் சருகு, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றால் மூடாக்கு இட்டால், வெயில் குடிக்கும் நீர் செடிக்கு மிஞ்சும். காலையிலோ மாலையிலோ நீர் ஊற்றுவதே முறை.

கொசுவை மறவாதீர்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையில் அன்று, நாம் சேமித்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடாத பீப்பாயும், திறந்த தொட்டியும், தேங்காய்ச் சிரட்டையும் அதற்கு மாளிகைகள். எனவே எல்லாப் பாத்திரங்களையும் இறுக மூட வேண்டும். வழியும் குழாயின் வாயில் வலை கட்ட வேண்டும். புழங்கும் தொட்டிகளை வாரம் ஒரு முறை வடித்து, பக்கங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். நீரைக் காக்கப் போய் நோயை வளர்த்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.

ஒரு பெரியவரின் கேள்வி

இக்கூட்டம் தொடங்குமுன், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்கள் ஊர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது. எங்கள் கிணறு கீழே இறங்குகிறது. நாங்கள் சொம்பு சொம்பாக மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுப்பது?" என்றார்.

இக்கேள்விக்கு மழுப்பலாக விடை சொல்வது நியாயம் ஆகாது. கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு லாரியில் 12,000 லிட்டர் ஏற்றினால் அது 800 குடம். வீட்டுக்கு இரண்டு குடம் மிச்சம் பிடித்தாலும், நானூறு வீடுகளின் ஒரு நாள் சிக்கனம் ஒரு லாரியில் ஏறிப் போய்விடும். ஆகவே பெரியவர் கேட்டது முற்றிலும் நியாயமே. சொம்பைக் காட்டி லாரியை மறைக்க நாங்கள் வரவில்லை.

ஆயினும் அவரிடம் மூன்று செய்திகளைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். முதலாவது: நம் கூரையில் விழுந்து நம் தொட்டியில் சேர்ந்த நீர், எவரும் கிணற்றிலிருந்து இழுத்துப் போக முடியாத நீர். ஊர்க் கிணறு இறங்கினாலும் நம் வீட்டுச் சமையல் நிற்காது. இரண்டாவது: தண்ணீர் விற்பவரும் பல சமயம் நம்முள் ஒருவரே. விளைச்சல் கைகொடுக்காத ஆண்டில் அவரை லாரி அழைக்கிறது. அவரைப் பகைத்துப் பயனில்லை. ஆனால் அவர் கிணற்றுக்கும் அடுத்தவர் கிணற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நீர் என்பதை அவருக்கு எடுத்துக் காட்ட வேண்டும். மூன்றாவது: சட்டம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், அட்டவணையில் கண்ட கிராமங்களில் நிலத்தடி நீரை வண்டியில் எடுத்துச் செல்வதற்கு உரிமம் வேண்டும் என்கிறது. தம் ஊர் அவ்வட்டவணையில் உள்ளதா என்று பஞ்சாயத்து கேட்டறிய வேண்டும்.

ஆனால் கையில் கணக்கில்லாமல் போனால் அது புலம்பல். கணக்குடன் போனால் அது மனு. "எங்கள் கிணறு இறங்கிவிட்டது" என்பதற்கும், "சென்ற தை மாதம் இருபது அடியில் இருந்த நீர் இந்தத் தை மாதம் முப்பது அடியில் இருக்கிறது, மாதவாரிக் கணக்கு இதோ" என்பதற்கும் உள்ள வேற்றுமையை நீங்களே அறிவீர்கள். தன் வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுபவர் லாரியைத் தடுக்கப் புறப்பட்டால், அவர் சொல் எடுபடுமா?

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

முதலாவதாக, ஊரில் இரண்டு மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் ஒரே நாளில் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து, ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். இதற்குப் பள்ளிப் பிள்ளைகளே போதும்.

இரண்டாவதாக, மேல்நிலைத் தொட்டி வழிவதை நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் ஏற்றும் மோட்டார், தொட்டி நிறைந்தபின் கால் மணி நேரம் ஓடினால் 3,000 லிட்டர், அதாவது 200 குடம் தரையில் கொட்டுகிறது. மின்சாரமும் வீணாகிறது. தொட்டி இயக்குபவரிடம் கோபித்துக்கொள்வதை விட்டு, தானே நிற்கும் மிதவைக் கருவியைப் பொருத்திக் கொடுப்பது நல்லது.

மூன்றாவதாக, தெருக்குழாய்களின் ஒழுக்கை எழுதி வைத்து, ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீடுகளில் அதனை எடுக்கச் சொல்ல வேண்டும். இதனை அங்கத்தினர்களின் வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சொன்னால் தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

நான்காவதாக, பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, ரேஷன் கடை ஆகிய கூரைகளில் சேகரிப்பு அமைப்பைச் செம்மையாக்கி, மக்கள் வந்து பார்க்கும்படி வைக்க வேண்டும். மூடியைத் திறந்து காட்டும் குழியே நல்ல பிரசாரம்.

ஐந்தாவதாக, கிராம சபை. 2022-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் நாளும் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்றாக ஆக்கப்பட்டது. அன்று கிணற்று நோட்டைச் சபையில் படிக்க வேண்டும். எத்தனை குழிகள் திறந்து தூர் வாரப்பட்டன, எத்தனை ஒழுக்குகள் அடைக்கப்பட்டன என்பதைச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்று உத்திரமேரூரில் கல்லில் எழுதினார்கள். நாம் கல்லில் எழுத வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் போதும்.

பெரியோர்களே! ஏரியை ஒருவரால் வெட்ட முடியாது. ஊர் கூட வேண்டும். ஆனால் வீட்டு வாசலில் உள்ள சிற்றேரியைக் காப்பதற்கு ஊர் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். மாடியிலிருந்து வரும் குழாய் அக்குழியில்தான் முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கண்டதைப் போல உங்கள் வீட்டிலும் செருப்பும் சிமெண்டும் கிடந்தால் வெட்கப்பட வேண்டாம். மண்வெட்டியை எடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அது ஒழுங்காகிவிட்டால், இக்கூட்டத்தால் பயன் உண்டாயிற்று என்று நாங்கள் மகிழ்வோம்.